கிராஃப் தியரிக்கு எந்த கைடு வாங்குவது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல கிராஃப் தியரியைப் பற்றியவை. அவற்றை மட்டும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம். கிராஃப் என்றால் இங்கே சில புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். பதில்களில் முனை என்று வருவது வெர்டெக்ஸ் (புள்ளி), விளிம்பு என்று வருவது எட்ஜ் (கோடு), சுற்று என்று வருவது சைக்கிள் (நடுவே எந்த முனையும் திரும்ப வராமல், புறப்பட்ட முனைக்கே வந்து சேரும் வழி). டிகிரி என்பது ஒரு முனையில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை. மற்றவற்றை வகுப்பில் சொல்கிறபடியே எழுதியிருக்கிறோம்.

நான் பி.எஸ்சி. கணிதம். இந்தப் பருவத்தில் கிராஃப் தியரி பேப்பர் இருக்கிறது. கூடப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க் என்று பிரித்துப் போட்ட கைடு வாங்கிவிட்டார்கள். மேடம் பாடப் புத்தகத்தைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். கடையில் நின்று எதைப் பார்த்து வாங்குவது?
– மாணவி, மார்த்தாண்டம்

முதலில் பாடத்திட்டத் தாளை எடுங்கள். அதன் கடைசியில் பாடநூல் எது, எந்த அலகுக்கு எந்த அத்தியாயம் என்று போட்டிருக்கும். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பல காலமாகப் புழங்கும் ஆறுமுகம்–ராமச்சந்திரன் புத்தகமோ வேறொன்றோ, அங்கே இருப்பதுதான் உங்களுக்கு முதல் புத்தகம். உங்கள் மேடம் சொல்வது சரி. கைடு துணைக்கு வேண்டுமானால் வாங்கலாம். ஆனால் எத்தனை கேள்விக்கு விடை இருக்கிறது என்று எண்ணி வாங்காதீர்கள். நிறுவல்களைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பாடத்தில் வரையறைகள் எளிது, தேற்றத்தின் வாசகமும் எளிது. எழுதியவர் அவசரப்பட்டிருந்தால் அது நிறுவலில்தான் வெளியே வரும். கடையில் நின்றபடியே மூன்று இடங்களைத் திறந்து பார்த்துவிடலாம்.

ஒன்று, பைபார்ட்டைட் கிராஃப் தேற்றம்: ஒற்றை நீளச் சுற்று இல்லாவிட்டால் கிராஃப் பைபார்ட்டைட், அதாவது ஒரே பக்கத்துக்குள் விளிம்பே வராதபடி முனைகளை இரண்டு பக்கமாகப் பிரிக்கலாம். இணைந்த கிராஃபில் (எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் போக வழி உள்ளது) ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து இரட்டைத் தூரத்தில் உள்ள முனைகளை ஒரு பக்கமும் ஒற்றைத் தூரத்தில் உள்ளவற்றை மறுபக்கமும் வைப்பார்கள். ஒரே பக்கத்து முனைகள் இரண்டுக்கு நடுவே விளிம்பு இருக்கிறது என்று கொள்வோம். தொடக்க முனையிலிருந்து அந்த இரண்டுக்கும் போகும் மிகக் குறுகிய பாதைகளையும் அந்த விளிம்பையும் சேர்த்தால் ஒற்றை நீளம் கிடைக்கும். "எனவே ஒற்றைச் சுற்று, முரண்பாடு" என்று பல கைடுகள் அங்கேயே முடித்துவிடுகின்றன. அந்த இரண்டு பாதைகளும் வழியில் பல முனைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்படியானால் கிடைத்தது மூடிய நடை (நடுவே முனைகள் திரும்ப வரலாம்) மட்டுமே, சுற்று அல்ல. இரண்டு பாதைகளும் கடைசியாகச் சந்திக்கும் பொது முனையை எடுக்க வேண்டும். இரண்டும் மிகக் குறுகிய பாதைகள் என்பதால் அந்த முனை வரை இரண்டின் நீளமும் சமம். அதற்குப் பிறகு மிஞ்சும் இரண்டு துண்டுகளும் விளிம்பும் சேர்ந்ததுதான் உண்மையான ஒற்றைச் சுற்று. இந்த இரண்டு வரி கைடில் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஃப் இணைந்திராவிட்டால் ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்ற குறிப்பும் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு, தொகுத்தறிதலில் (இண்டக்ஷன்) போகும் நிறுவல் ஏதாவது ஒன்று. மரத்தில் (சுற்றே இல்லாத இணைந்த கிராஃப்) விளிம்புகளின் எண்ணிக்கை முனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு என்ற தேற்றமே போதும். சரியான நிறுவல் ஒரு பெரிய மரத்தை எடுத்து, அதிலிருந்து ஒரு நுனி முனையை (டிகிரி 1 உள்ளது) நீக்கி, சிறியதுக்கு வரும். தவறான நிறுவல் சிறிய மரத்தில் ஒரு முனையை ஒட்டிப் பெரிதாக்கும். ஒட்டினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். "ஒவ்வொரு முனைக்கும் குறைந்தது 1 டிகிரி இருந்தால் கிராஃப் இணைந்தது" என்ற பொய்யான கூற்றை எடுங்கள். இரண்டு முனைகளும் ஒரு விளிம்பும் உள்ள கிராஃபுக்கு அது சரி. அதில் ஒரு புது முனையை ஏதாவது ஒன்றோடு இணைத்துச் சேர்த்தாலும் இணைப்பு குலையாது. ஆகவே எல்லாவற்றுக்கும் உண்மை என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் நான்கு முனைகளை இரண்டிரண்டாகத் தனித்தனி விளிம்புகளால் சேர்த்துப் பாருங்கள். எல்லா டிகிரியும் 1, கிராஃபோ இரண்டு துண்டு. அந்தக் கிராஃபை, எல்லா டிகிரியும் குறைந்தது 1 உள்ள மூன்று முனைக் கிராஃபில் ஒன்றை ஒட்டிப் பெற முடியாததால்தான் அது நிறுவலின் கண்ணில் படவில்லை. இந்த ஓட்டை உள்ள கைடில் படித்தால் எல்லாத் தொகுத்தறிதலையும் இதே தவறோடு எழுதப் பழகிவிடுவீர்கள். நல்ல ஆசிரியர் தாள் திருத்தும்போது முதலில் மார்க் குறைக்கிற இடமும் இதுதான்.

மூன்று, பீட்டர்சன் கிராஃப் தளத்தில் (விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல்) வரைய முடியாதது என்பதற்கான விளக்கம். முதலில் படத்தைப் பாருங்கள்: 10 முனைகள், ஒவ்வொன்றிலும் 3 விளிம்புகள், மொத்தம் 15. மலிவு அச்சில் உள்ளே இருக்கும் நட்சத்திரத்தில் ஒரு கோடு விடுபட்டோ இடம் மாறியோ இருப்பதுண்டு, அதனால் எண்ணியே பாருங்கள். பிறகு காரணம். இந்தக் கிராஃபில் மிகச் சிறிய சுற்றின் நீளம் 5. தளத்தில் வரைய முடிந்திருந்தால் ஆய்லர் சூத்திரப்படி 15 − 10 + 2 = 7 முகங்கள் (விளிம்புகள் பிரிக்கும் பகுதிகள், வெளிப்பகுதியும் சேர்த்து) இருக்க வேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் குறைந்தது 5 விளிம்புகள், ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முறை எண்ணப்படும். ஆக 35 என்பது 30-ஐ மிஞ்சக் கூடாது. மிஞ்சுகிறது, கதை முடிந்தது. சில கைடுகள் குரடோவ்ஸ்கி தேற்றத்தை (தளத்தில் வரைய முடியாத கிராஃபுக்குள் கே5 அல்லது கே3,3-இன் உட்பிரிவு இருக்கும்) இழுத்து, "உள்ளே கே5-இன் உட்பிரிவு இருக்கிறது" என்று எழுதும். இருக்க வழியே இல்லை. கே5 என்பது ஐந்து முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த கிராஃப்; உட்பிரிவு என்றால் அதன் விளிம்புகளின் நடுவே புது முனைகளைச் செருகியது. கே5-இன் உட்பிரிவுக்கு டிகிரி 4 உள்ள ஐந்து முனைகள் வேண்டும், இங்கே எல்லாமே 3. உள்ளே இருப்பது கே3,3-இன் (பக்கத்துக்கு மூன்று முனைகள், ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்து மூன்றோடும் இணைந்தது) உட்பிரிவு. விளிம்புகளைச் சுருக்கினால் (விளிம்பின் இரு முனைகளையும் ஒன்றாக்கினால்) கே5 வரும் என்பது உண்மை, ஆனால் அது வேறு செய்தி. இரண்டையும் குழப்பியிருக்கும் கைடை மேசையிலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றிலும் தேறிய கைடு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில், எந்தத் தேற்றம் எத்தனை மார்க்குக்கு வருகிறது என்று பார்க்க அது உதவும்.

எம்.எஸ்சி. படிக்கிறேன். பாடப் புத்தகம் ஒன்று, சார் நோட்ஸ் எடுத்த புத்தகம் ஒன்று, லைப்ரரியில் கிடைத்தது ஒன்று. குறியீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எதைப் பின்பற்ற?
– மாணவர், நாகர்கோவில்

தேர்வுத் தாளில் பாடநூலின் குறியீட்டையே பின்பற்றுங்கள். மற்றவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு மாற்றுப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான மோதல்கள் இவை.

1969-இல் வந்த ஹராரியின் புத்தகம் முனையைப் 'பாயிண்ட்' என்றும் விளிம்பை 'லைன்' என்றும் சொல்லும். எண்ணிக்கைகள் பி, க்யூ. 1976-இல் வந்த பாண்டி–மூர்த்தி புத்தகத்தில் அதே எண்ணிக்கைகள் கிரேக்க எழுத்துகளான நியூ, எப்சிலான். அந்தப் புத்தகத்தில் ஒமேகா என்றால் இணைந்த கூறுகளின் எண்ணிக்கை. வேறு பல புத்தகங்களில் ஒமேகா என்றால் மிகப் பெரிய கிளிக்கின் (எல்லாமே ஒன்றோடொன்று இணைந்த முனைகளின் கூட்டம்) அளவு. சூத்திரத்தை இடம் மாற்றி எழுதினால் பொருளே தலைகீழாகும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஆல்ஃபா–பீட்டா. ஹராரியில் ஆல்ஃபா என்பது முனைகளால் விளிம்புகளை மூடும் எண் (எல்லா விளிம்பையும் தொடத் தேவையான குறைந்தபட்ச முனைகள்), பீட்டா என்பது சார்பற்ற முனைகளின் எண் (தங்களுக்குள் விளிம்பு இல்லாத அதிகபட்ச முனைகள்). பாண்டி–மூர்த்தியில் ஆல்ஃபா சார்பற்ற எண், பீட்டா மூடும் எண். இரண்டையும் கூட்டினால் முனைகளின் எண்ணிக்கை வரும் என்ற கல்லாய் சமன்பாடு இரண்டு முறையிலும் அப்படியே பொருந்தும். அதனால் மாற்றி எழுதியது சரிபார்க்கும்போதும் பிடிபடாது. நடுவில் ஒரு முனை, அதைச் சுற்றி ஐந்து நுனிகள் உள்ள நட்சத்திரத்தை ஓரத்தில் வரைந்து வையுங்கள். மூட ஒரு முனை போதும், சார்பற்றவை ஐந்து. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் இந்தப் படத்துக்கு அதன் ஆல்ஃபா 1 ஆகிறதா, 5 ஆகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது, 'கிராஃப்' என்றால் என்ன என்பதே. ஹராரியில் லூப்பும் (ஒரு முனையை அதோடே இணைக்கும் விளிம்பு) இணை விளிம்பும் (அதே இரு முனைகளுக்கு நடுவே ஒன்றுக்கு மேற்பட்ட விளிம்பு) கிடையாது. 1974-இல் வந்த நர்சிங் தேவ் புத்தகத்தில் இரண்டும் உண்டு. இல்லாததைச் 'சிம்பிள் கிராஃப்' என்று தனியாகச் சொல்வார். நாம் சுற்று என்பதை அவர் 'சர்க்யூட்' என்பார். இந்த வேறுபாடு தேற்றங்களையே தொடும். இரண்டு அல்லது அதற்கு மேல் முனைகள் இருந்தால் சம டிகிரி உள்ள இரண்டு முனைகள் கட்டாயம் இருக்கும் என்பது சிம்பிள் கிராஃபுக்கு மட்டுமே உண்மை. மூன்று முனைகளை வரிசையாக வைத்து, முதல் ஜோடிக்கு நடுவே இரண்டு விளிம்பு, அடுத்த ஜோடிக்கு நடுவே ஒன்று என்று போடுங்கள். டிகிரிகள் 2, 3, 1. மூன்றும் வேறு வேறு.

பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், குழித்துறை

தாராளமாக வாங்கலாம். பட்டப்படிப்பு அளவிலான கிராஃப் தியரியில் பழையதாகிப்போவது மிகக் குறைவு. ஹால் தேற்றம் 1935, டிராக் தேற்றம் 1952. அவற்றின் நிறுவல்கள் கெடுவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: 1976-க்கு முன் வந்த புத்தகங்களில் நான்கு வண்ணப் பிரச்சினை (தளத்தில் வரையும் கிராஃபில், விளிம்பால் இணைந்த முனைகளுக்கு வேறு வேறு வண்ணம் கொடுக்க நான்கு வண்ணம் போதுமா என்பது) ஊகம் என்றே இருக்கும். அந்த ஆண்டு அப்பலும் ஹாக்கனும் கணினி உதவியோடு அதை நிறுவினார்கள். கெம்ப் 1879-இல் கொடுத்த நிறுவலில் ஓட்டை இருந்ததை 1890-இல் ஹீவுட் காட்டினார்; அந்த முறையிலிருந்து ஐந்து வண்ணத் தேற்றத்தை அவர் மீட்டெடுத்தார். தேர்வில் முழு நிறுவலோடு கேட்கக்கூடியது ஐந்து வண்ணத் தேற்றம்தான், அது பழைய புத்தகங்களிலேயே நன்றாக இருக்கும். பாண்டி–மூர்த்தியின் 1976 புத்தகத்தை அதன் ஆசிரியர்களே சொந்தப் படிப்புக்காக இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் பிரதி என்றால் கீழ்க்குறி எண்கள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை அழிந்த பிரதி எந்த விலைக்கும் பயன்படாது.

தீர்த்த கணக்குகள் மட்டுமே நிறைந்த புத்தகம் ஒன்று வாங்கினேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. பரீட்சையில் புதுக் கணக்கு வந்தால் கை ஓடவில்லை. புத்தகம் சரியில்லையா, படிக்கிற விதமா?
– மாணவர், தக்கலை

பெரும்பாலும் படிக்கிற விதம். தீர்வைப் படித்துத் தலையாட்டுவது வேறு, தீர்வைக் கண்டுபிடிப்பது வேறு. அந்தப் புத்தகத்தை இப்படிப் பயன்படுத்துங்கள்: தீர்வை ஒரு தாளால் மூடிவிட்டு, முதலில் படம் வரையுங்கள். 5 அல்லது 6 முனைகளுள்ள இரண்டு மூன்று கிராஃபுகளில் கூற்றைச் சோதியுங்கள். அரை மணி நேரம் போராடியும் வராவிட்டால் தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்து, மறுபடி மூடுங்கள். முழுத் தீர்வையும் பார்க்க நேர்ந்த கணக்குகளுக்குப் புள்ளி வைத்து, ஒரு வாரம் கழித்து வெறும் தாளில் திரும்பப் போடுங்கள். புள்ளி வைத்தவைதான் உங்கள் உண்மையான பாடத்திட்டம்.

கணிப்பு முறைகளில் எங்கே வழுக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹாவல்–ஹக்கிமி முறையில் (கொடுத்த டிகிரிகளோடு ஒரு சிம்பிள் கிராஃப் உண்டா என்று பார்ப்பது) 4, 4, 3, 3, 2, 2 என்ற டிகிரி வரிசையை எடுங்கள். முதல் 4-ஐ நீக்கி அடுத்த நான்கிலும் ஒன்று குறைத்தால் 3, 2, 2, 1, 2. இங்கே இறங்கு வரிசையில் மறுபடி அடுக்க வேண்டும்: 3, 2, 2, 2, 1. அடுத்த படியில் 1, 1, 1, 1. இரண்டு விளிம்பு போட்டால் ஆயிற்று, கிராஃப் உண்டு. அடுக்காமல் போனவர்களுக்கு 1, 1, 0, 2 வந்து, கடைசியில் தனியாக ஒரு 2 நிற்கும். "கிராஃப் இல்லை" என்று தவறாக எழுதுவார்கள். இதன் மறுபக்கத் தவறு, கூட்டல் இரட்டை எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைப்பது. 3, 3, 3, 1-இன் கூட்டுத்தொகை 10, ஆனால் அப்படி ஒரு சிம்பிள் கிராஃப் கிடையாது.

டிராக் தேற்றத்தில் வாசகத்தைத் திருப்பிப் போடுவது வழக்கமான தவறு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முனைகள் உள்ள சிம்பிள் கிராஃபில் ஒவ்வொரு டிகிரியும் முனை எண்ணிக்கையில் பாதிக்குக் குறையாவிட்டால் ஹாமில்டன் சுற்று (எல்லா முனைகளையும் ஒரே முறை தொடும் சுற்று) உண்டு. இல்லாவிட்டால் சுற்று கிடையாது என்று தேற்றம் சொல்லவே இல்லை. ஐங்கோணத்தில் எல்லா டிகிரியும் 2, பாதி 2.5, இருந்தும் ஐங்கோணமே ஹாமில்டன் சுற்று. ஒரு முனையில் ஒட்டிய இரண்டு முக்கோணங்களிலும் ஐந்து முனைகள், குறைந்த டிகிரி 2. அங்கே ஹாமில்டன் சுற்று இல்லை. இந்த இரண்டு படமும் கையில் இருந்தால் அந்தத் தேற்றத்தில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

இனி உங்களை நீங்களே சோதிக்க ஒரு கிராஃப். நம் மாவட்டத்து ஆறு ஊர்களே முனைகள்: நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், திங்கள்நகர், குளச்சல். மாவட்டத்தில் சாலைகள் இன்னும் பல உண்டு, நாம் எட்டு மட்டும் எடுத்துக்கொள்வோம்: நாகர்கோவில்–தக்கலை, தக்கலை–மார்த்தாண்டம், மார்த்தாண்டம்–கருங்கல், கருங்கல்–திங்கள்நகர், திங்கள்நகர்–தக்கலை, திங்கள்நகர்–நாகர்கோவில், திங்கள்நகர்–குளச்சல், நாகர்கோவில்–குளச்சல். கீழே உள்ள விடைகளை மூடிவிட்டு இவற்றைக் கண்டுபிடியுங்கள்: டிகிரிகள், எல்லாச் சாலையையும் ஒரே முறை மட்டும் கடந்து பயணம் போக முடியுமா, ஒவ்வொரு ஊரையும் ஒரே முறை தொட்டுத் தொடங்கிய இடத்துக்கு வர முடியுமா, எத்தனை வண்ணம் வேண்டும், எத்தனை ஸ்பானிங் மரங்கள் (எல்லா ஊர்களையும் சேர்க்கும் மரங்கள்).

விடைகள். டிகிரிகள்: திங்கள்நகருக்கு 4, நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் 3, மற்ற மூன்றுக்கும் 2. கூட்டினால் 16, அதாவது 8-இன் இருமடங்கு. ஒற்றை டிகிரி இரண்டு ஊர்களுக்கு மட்டும் இருப்பதால், எல்லாச் சாலையையும் ஒரே முறை கடக்கும் பயணம் நாகர்கோவிலில் தொடங்கித் தக்கலையில் முடிய வேண்டும், அல்லது தக்கலையில் தொடங்கி நாகர்கோவிலில் முடிய வேண்டும். ஒரு வழி: நாகர்கோவில், குளச்சல், திங்கள்நகர், நாகர்கோவில், தக்கலை, திங்கள்நகர், கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை. புறப்பட்ட ஊருக்கே திரும்பும் ஆய்லர் சுற்று கிடையாது. ஹாமில்டன் சுற்று உண்டு: நாகர்கோவில், குளச்சல், திங்கள்நகர், கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை, மீண்டும் நாகர்கோவில். நாகர்கோவில்–தக்கலை–திங்கள்நகர் முக்கோணம் இருப்பதால் இரண்டு வண்ணம் போதாது, மூன்று போதும். தளத்தில் வரைந்தால் வெளிமுகத்தையும் சேர்த்து 4 முகங்கள். ஸ்பானிங் மரங்கள் 29. இந்தக் கடைசி எண்ணை மேட்ரிக்ஸ்–ட்ரீ தேற்றத்தால் ஒரு முறையும், விளிம்பை நீக்கியும் சுருக்கியும் எண்ணும் முறையால் ஒரு முறையும் வரவழையுங்கள். இரண்டிலும் 29 வந்தால் அந்த அலகு உங்கள் கைக்கு வந்துவிட்டது.

கேட் தேர்வுக்கு (கணினி அறிவியல்) தயாராகிறேன். கிராஃப் தியரிக்குத் தடிப் புத்தகம் தேவையா?
– பொறியியல் மாணவர், கோணம்

தேவையில்லை. அந்தப் பாடத்திட்டத்தில் டிஸ்கிரீட் கணிதத்தின் கீழ் இருப்பது இணைப்பு, மேட்சிங் (பொது முனை இல்லாத விளிம்புகள்), வண்ணமிடல். அல்காரிதம் பகுதியில் கிராஃப் ட்ராவர்சல், மினிமம் ஸ்பானிங் மரம், ஷார்ட்டஸ்ட் பாத் வரும். இதற்கு எண்ணில் விடை வரும் கணக்குகள் நிறைய உள்ள ஒரு கைடும், முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் போதும். கைடைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி: விடையாக எண்ணை மட்டும் கொடுக்கிறதா, அது வந்த காரணத்தையும் ஒரு வரியிலாவது சொல்கிறதா என்று பாருங்கள். 10 முனைகள் கொண்ட, இணையாத சிம்பிள் கிராஃபில் அதிகபட்ச விளிம்புகள் 36. காரணம், ஒரு முனையைத் தனியாக விட்டு மற்ற 9-ஐயும் முழுமையாக இணைப்பதுதான் உச்சம். ஆகவே 37 விளிம்பு இருந்தால் கட்டாயம் இணைந்திருக்கும். காரணம் தெரிந்தவருக்கு இரண்டு கேள்வியும் ஒன்றுதான். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இரண்டாவதில் தடுமாறுவார். இதே போல, பெயரிட்ட 5 முனைகளில் 125 மரங்கள், 10 முனை பைபார்ட்டைட் கிராஃபில் அதிகபட்சம் 25 விளிம்புகள், கே6-இல் 15 பெர்ஃபெக்ட் மேட்சிங்குகள் (எல்லா முனையும் ஜோடி சேர்வது). ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பொறிகள். ஒவ்வொரு முனைக்கும் அப்போது பொருந்தும் முதல் வண்ணத்தைக் கொடுத்து வரிசையாக வண்ணமிடும் கிரீடி முறை எப்போதும் குறைந்த வண்ணத்தைத் தராது. அ–ஆ–இ–ஈ என்ற நான்கு முனைப் பாதையில் அ, ஈ, ஆ, இ என்ற வரிசையில் வண்ணமிட்டால் மூன்று வண்ணம் ஆகும், தேவை இரண்டுதான். எதிர்ம எடை இருந்தால், மிகக் குறுகிய பாதை காணும் டைக்ஸ்ட்ரா முறை தவறும். திசையுள்ள கிராஃபில் அ→ஆ எடை 2, அ→இ எடை 5, இ→ஆ எடை −4 என்று வையுங்கள். டைக்ஸ்ட்ரா ஆ-வுக்கு 2 என்று முதலிலேயே முடிவு கட்டிவிடும், உண்மையில் இ வழியாகப் போனால் 1.

நெட் தேர்வையும் மனதில் வைத்திருக்கும் கணித மாணவர்கள் கவனிக்க: சி.எஸ்.ஐ.ஆர். கணிதப் பாடத்திட்டத்தில் கிராஃப் தியரி தனித் தலைப்பாக இல்லை. அதற்காகத் தனி கைடு வாங்க வேண்டாம்.

முதுகலை புராஜெக்டுக்கு கிராஃப் லேபிலிங் எடுக்கலாம் என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?
– மாணவி, நெய்யூர்

கைடிலிருந்து தொடங்காதீர்கள். கல்லியன் எழுதிப் பல முறை புதுப்பித்துவரும் லேபிலிங் (முனைகளுக்கும் விளிம்புகளுக்கும் விதிப்படி எண் கொடுப்பது) பற்றிய தொகுப்புக் கட்டுரை எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் காம்பினடோரிக்ஸ் இதழின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. நீங்கள் நினைக்கும் முடிவு முன்பே வந்துவிட்டதா என்று முதலில் அதில் தேடுங்கள். புதியது என்று நினைத்து எழுதிய முடிவு பழையதாக இருப்பதுதான் இந்தத் துறைப் புராஜெக்டுகளில் நடக்கும் பெரிய விபத்து.

அடிப்படை கையில் இருக்கிறதா என்பதற்குச் சின்னச் சோதனை: நான்கு முனைப் பாதைக்கு 0, 3, 1, 2 என்று பெயரிட்டால் வித்தியாசங்கள் 3, 2, 1, ஆகவே அது கிரேஸ்ஃபுல் (முனைகளுக்கு 0 முதல் விளிம்பு எண்ணிக்கை வரை வெவ்வேறு எண்கள் கொடுத்தால், விளிம்புகளின் வித்தியாசங்கள் 1 முதல் விளிம்பு எண்ணிக்கை வரை ஒவ்வொன்றும் ஒரு முறை வருவது). ஐங்கோணம் ஏன் கிரேஸ்ஃபுல் ஆகாது? விளிம்புகளின் வித்தியாசங்கள் 1 முதல் 5 வரை வர வேண்டும், கூட்டினால் 15. ஆனால் ஒரு சுற்றைச் சுற்றி வரும்போது வித்தியாசங்களின் கூட்டல் எப்போதும் இரட்டை எண். 15 ஒற்றை. இந்த வாதத்தை எந்தச் சுற்றுகளுக்கு நீட்டலாம் என்று நீங்களே கண்டுபிடித்தால், 1967-இல் ரோசா எழுதிய கட்டுரையின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். எல்லா மரங்களும் கிரேஸ்ஃபுல் தானா என்பது இன்னும் தீராத கேள்வி. அதைத் தீர்க்கிறேன் என்று புராஜெக்டில் எழுத வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வகை மரத்தை மட்டும் எடுத்து, அதற்குச் சுத்தமாக நிறுவுங்கள்.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கணிதத்தில் ஆர்வம் அதிகம். கிராஃப் தியரி என்று ஒன்று உண்டாமே, அதைப் படிக்கணும் என்கிறாள். இந்த வயதில் எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுக்க?
– ஒரு தாயார், குளச்சல்

அம்மா, முதல் மாதத்துக்குப் புத்தகமே வேண்டாம். கோடு போடாத நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். கால்குலஸ் எதுவும் தெரியாமலே தொடங்கக்கூடிய பாடம் இது. முதலில் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலக் கேள்வியைக் கொடுங்கள். நான்கு நிலப்பகுதிகள், ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே முறை கடந்து நடக்க முடியுமா? ஒரு பகுதிக்கு ஐந்து பாலங்கள், மற்ற மூன்றுக்கும் மும்மூன்று. நான்குமே ஒற்றை எண் என்பதால் முடியாது என்று 1736-இல் ஆய்லர் காட்டினார். முடியாது என்பதை மகள் தன் சொந்த வார்த்தையில் எழுதட்டும். பல முறை முயன்றும் வரவில்லை என்று எழுதினால் போதாது, ஏன் ஒருபோதும் வராது என்று எழுத வேண்டும். மேலே தக்கலை மாணவருக்குச் சொன்ன எட்டுச் சாலைக் கணக்கையும் கொடுக்கலாம், உங்கள் ஊரும் அதில் இருக்கிறது.

அடுத்து இந்தக் கேள்வி: ஆறு பேர் இருக்கும் எந்தக் கூட்டத்திலும், ஒருவரை ஒருவர் அறிந்த மூவரோ, ஒருவரை ஒருவர் அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள் என்று நிறுவு. திணறினால் ஒரு குறிப்பு மட்டும் கொடுங்கள்: ஒருவரைத் தனியாக எடு, மற்ற ஐந்து பேரில் குறைந்தது மூவர் அவருக்குத் தெரிந்தவர்கள், அல்லது குறைந்தது மூவர் தெரியாதவர்கள். ஐந்து பேர் மட்டும் என்றால் இந்தக் கூற்று பொய்யாகும். அதற்கு எடுத்துக்காட்டை அவளே தேடட்டும், ஐங்கோணம் வரைந்தால் கிடைத்துவிடும்.

பள்ளியில் வணிகக் கணிதம் எடுத்த பிள்ளை யாராவது இருந்தால் அந்தப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை இரவல் வாங்குங்கள். நெட்வொர்க் அனாலிசிஸ் பகுதியில் ஒரு வேலையின் கட்டங்களை முனைகளாலும் அம்புகளாலும் வரைந்து, மிக நீண்ட பாதையைக் கண்டுபிடிப்பார்கள். திசையுள்ள கிராஃப் முதன்முதலாக அவள் கைக்கு வருவது அங்கேயே இருக்கலாம். இவை எல்லாம் முடிந்தும் ஆர்வம் குறையாமல் இருந்தால் நர்சிங் தேவ் புத்தகத்தை வாங்குங்கள். அதன் முதல் மூன்று அத்தியாயங்கள் பாதைகள், சர்க்யூட்டுகள், மரங்கள் வரை போகும், ஆங்கிலமும் எளிதானது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போனாலும் சரி, அத்தியாயக் கடைசியில் உள்ள கணக்குகளை விட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.